மாக்சிமினஸ் திராக்ஸ்: எல்லைப் போர்களில் வென்றவர் அக்விலேயாவின் மதிலுக்கு முன்னால் வீழ்ந்தது ஏன்?

ஏட்டுச்சுவடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் ரோம வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 235 முதல் 284 வரையிலான அந்த அரை நூற்றாண்டில் படைகள் தம் தளபதிகளை அரியணையில் ஏற்றுவதும், அதே படைகள் அவர்களை வெட்டிச் சாய்ப்பதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அந்த வரிசையில் முதலாவதாக நிற்பவர் மாக்சிமினஸ் திராக்ஸ். என் மனம் அவரிடமே நின்றுவிட்டது.

நான் அறிந்த வரையில் செய்தி இதுதான். 235-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரைன் நதிக்கரையில், இன்றைய மைன்ஸ் நகருக்கு அருகே, இளம் பேரரசர் செவெரஸ் அலெக்சாண்டரும் அவருடைய தாய் ஜூலியா மாமேயாவும் சொந்த வீரர்களாலேயே கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியரோடு போரிடாமல் பொன் கொடுத்துச் சமாதானம் பேச முனைந்ததும், வீரர்களுக்குக் கொடுப்பதில் கைச்சுருக்கம் காட்டியதும் அவர்களுடைய குற்றங்களாகச் சொல்லப்பட்டன. புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குப் பயிற்சி அளித்துவந்த மாக்சிமினஸுக்கு அந்த வீரர்களே பேரரசருக்குரிய ஊதா நிற ஆடையைப் போர்த்தினார்கள். திரேஸ் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, குதிரைப்படையில் சேர்ந்து, செனட் சபையின் வாசலை மிதிக்காமலேயே பேரரசரானவர் அவர். ஜெர்மானியரை வென்றார், பிறகு டான்யூப் நதிப் பகுதியில் சர்மேஷியரோடும் டேசியரோடும் போரிட்டார், வீரர்களின் ஊதியத்தை இரட்டிப்பாக்கினார். இவ்வளவு செய்தவரை, மூன்றே ஆண்டுகளில், 238-இல், வட இத்தாலியின் அக்விலேயா நகருக்கு வெளியே கூடாரத்திலிருந்து வெளிப்பட்டபோது அவருடைய வீரர்களே கொன்றார்கள்.

அவர் செனட் சபையை மதிக்கவில்லை, ஆட்சிக்காலம் முழுவதும் ரோம் நகருக்கே வரவில்லை, அதனால் வீழ்ந்தார் என்று பொது நூல்கள் கூறுகின்றன. இந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. செனட் சபையிடம் சொல்லிக்கொள்ளும்படியான படை இல்லை. வாளேந்திய எல்லைப்படை முழுவதும் அவர் பக்கம் இருந்தது. அப்படியிருக்க, இரட்டை ஊதியம் பெற்ற வீரன் தன் தலைவனை ஏன் கொன்றான்? மேலும், அவரை எட்டரை அடி உயர அரக்கனாகக் காட்டும் கதைகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டவனாவேன்.

கணக்கதிகாரம் எழுதியது:

நல்ல கேள்வி, ஏட்டுச்சுவடி. தங்கள் கேள்வியின் விடை அந்த இரட்டை ஊதியத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் துணிபு.

ஊதியத்தை இரட்டிப்பாக்குவதாக அறிவிப்பது எளிது. பணம் எங்கிருந்து வரும் என்பதே பேரரசின் முன் நின்ற பெருங்கேள்வி. பின்னால் வந்த பேரரசர்கள் வெள்ளியைக் குறைத்து, செம்பைக் கூட்டி, நாணயத்தைக் கெடுத்து நாளைக் கடத்தினார்கள். மாக்சிமினஸ் அந்த வழியைப் பெரிதாக நாடவில்லை. அவருடைய தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஏறத்தாழ அலெக்சாண்டர் காலத்துக் காசின் தரத்திலேயே இருந்தது. அவர் தேர்ந்தது பறிமுதல் என்னும் வழியை. செல்வந்தர் மீது குற்றம் சுமத்துவது, எங்கோ தொலைவிலிருந்து அவர்களைக் காவலில் இழுத்து வரச் செய்வது, சொத்தைக் கருவூலத்தில் சேர்ப்பது என்று அது நடந்தது. நேற்றுவரை பெருஞ்செல்வராக இருந்தவர் இன்று இரந்து நிற்பதை நாள்தோறும் காண முடிந்தது என்ற கருத்தில் ஹெரோடியன் எழுதுகிறார். அவர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்து கிரேக்க மொழியில் வரலாறு எழுதியவர்.

அவர் அடுத்துச் சொல்வதுதான் தங்கள் கேள்விக்கு நெருக்கமானது. பணக்காரர் சொத்து பறிபோனபோது பொதுமக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கு மேலிருப்பவர் வீழ்வதைச் சிலர் விரும்பவும் செய்தார்கள். ஆனால் பறிமுதல் செல்வர் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. நகரங்கள் தானியம் வாங்கவும் மக்களுக்குப் பங்கிடவும் விழா எடுக்கவும் ஒதுக்கி வைத்திருந்த பொது நிதி எடுக்கப்பட்டது. கோயில்களில் காணிக்கையாக வைத்த பொருள்களும் தெய்வங்களின் உருவங்களும் பொது இடங்களில் அழகுக்காக நின்ற உலோக வேலைப்பாடுகளும் உருக்கப்பட்டுக் காசாயின. அப்போதுதான் ஊர் முழுவதும் கொதித்தது. ‘உங்களுக்குக் கொடுக்கத்தானே எங்களிடம் பறிக்கிறான்’ என்று வீரர்களின் உறவினர்களே அவர்களை இடித்துரைத்தார்கள் என்கிறார் ஹெரோடியன். கையில் காசு கூடியது. சொந்த ஊரில் முகம் காட்ட முடியாமல் போனது. இந்த மனக்கசப்பைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அக்விலேயாவில் அது திரும்பி வரும்.

கலகத்தின் முதல் தீப்பொறி ரோமில் எழவில்லை, ஆப்பிரிக்காவில் எழுந்தது. இன்றைய துனிசியாவின் எல் ஜெம், அன்று திஸ்திரஸ் என்ற ஊர். ஒலிவ எண்ணெய் வாணிகத்தில் செழித்த பகுதி அது. அங்கிருந்த கருவூல அதிகாரி, பேரரசரிடம் நற்பெயர் வாங்கும் ஆசையில், நிலவுடைமைக் குடும்பத்து இளைஞர்கள் சிலருக்குக் கடுமையான தண்டம் விதித்து, பரம்பரைச் சொத்தையே பறிக்க முனைந்தார். அவர்கள் மூன்று நாள் தவணை கேட்டார்கள். அந்த மூன்று நாளில் தங்கள் பண்ணைகளில் உழைத்த குடியானவர்களைத் தடியும் கோடரியுமாக ஊருக்குள் வரவழைத்து, அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். கொன்ற பிறகு தப்பிக்க வழி ஒன்றுதான் இருந்தது. எண்பது வயதை ஒட்டியிருந்த ஆளுநர் கார்டியனின் வீட்டுக்குள் நுழைந்து, அவர் மறுக்க மறுக்க, அவரைப் பேரரசர் என்று அறிவித்தார்கள். முதியவர் தம் மகனையும் உடன் பேரரசராக்கிக்கொண்டு கார்தேஜ் நகருக்குப் போனார்.

ஆகவே, செனட் சபை இந்த வீழ்ச்சியைத் தொடங்கவில்லை. வரி வசூலின் கொடுமை எல்லை மீறிய ஓர் ஊரில் அது தொடங்கியது. மாக்சிமினஸ் இறந்துவிட்டார் என்ற பொய்ச்செய்தியைக் கார்டியனின் ஆட்கள் ரோமில் பரப்பி, பேரரசரைக் காக்கும் பிரிட்டோரியன் காவல்படையின் தலைவர் விட்டாலியானஸைக் கொன்ற பிறகே சபை துணிந்து எழுந்தது.

கல்லும் காசும் எழுதியது:

கணக்கதிகாரம் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஹெரோடியனை அவர் நம்பும் அளவுக்கு நாம் அனைவரும் நம்புகிறோமா என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாக்சிமினஸுக்கு ஆதரவாக எழுதிய எவருடைய எழுத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை அவரை வெறுத்த வர்க்கத்தின் செவிவழியில் வந்த செய்திகள்.

முதலில் அந்த எட்டரை அடி. அது ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்ற தொகுப்பில் வருகிறது. ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்த நூலை நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவரே எழுதியிருக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மனைவியின் கைவளையை அவர் கட்டைவிரலில் மோதிரமாக அணிந்தார் என்பதும், ஒரே நாளில் நாற்பது பவுண்டு இறைச்சி தின்றார் என்பதும், தந்தை கோத் இனத்தவர், தாய் ஆலன் இனத்தவர் என்பதும் அந்த நூல் தருபவை. இவற்றைக் கதை என்று ஒதுக்கிவிடலாம். அவர் பெருத்த உடலும் மிகுந்த வலிமையும் உடையவர் என்பதை மட்டும் ஹெரோடியனும் சொல்கிறார். நாணயங்களும் அதற்கு ஒத்துப்போகின்றன. பதவியேற்ற புதிதில் வெளிவந்த காசுகளில் முகம் ஏறக்குறைய அலெக்சாண்டரின் முகம்போல இருக்கிறது, ஏனெனில் ரோமில் அச்சு வெட்டியவர்கள் புதிய பேரரசரைக் கண்டதே இல்லை. பிறகு வந்தவற்றில் கனத்த தாடையும் முன்தள்ளிய மோவாயும் கொண்ட ஒரு மனிதர் தோன்றுகிறார். ஆட்சியாளர் தலைநகருக்கு வரவே இல்லை என்பதை இந்த மாற்றம் எழுத்தின் உதவியின்றியே சொல்லிவிடுகிறது.

ஆனால் அவருடைய போர்த்திறமையைப் பற்றிய ஐயத்தை மண் தீர்த்துவைத்தது. 235-இல் ரைனைக் கடந்து ஜெர்மானியாவின் ஆழத்துக்குச் சென்றார், அங்கே சதுப்பு நிலத்தில் பேரரசரே குதிரையோடு இறங்கிப் போரிட்டார் என்று ஹெரோடியன் எழுதியிருந்தார். ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’வின் கைப்படிகளில் முந்நூறு, நானூறு மைல் என்று இருந்த தொலைவை, இது நடக்கக்கூடியதன்று என்று எண்ணிய பதிப்பாசிரியர்கள் முப்பது, நாற்பது மைல் என்று திருத்திவிட்டார்கள். பிறகு, 2008-இல், இன்றைய ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற காட்டு மேட்டில் ஒரு போர்க்களம் வெளிப்பட்டது. எறிபொறிகளின் அம்பு முனைகள், வீரர்களின் செருப்பு ஆணிகள், கிழக்கத்திய வில்லாளிகள் எய்த மூன்று இதழ் அம்புகள், அலெக்சாண்டர் காலத்துக் காசுகள், நான்காம் லீஜியன் என்ற ரோமப் படைப்பிரிவின் பெயர் பொறித்த ஒரு கோடரி ஆகியவை அங்கே கிடைத்தன. ரைனிலிருந்து அவ்வளவு தொலைவில், மூன்றாம் நூற்றாண்டில் ஒரு ரோமப் படை சென்று, வழிமறித்த பகைவரை எறிபொறிகளால் சிதறடித்துத் திரும்பியிருக்கிறது. மாக்சிமினஸின் படையெடுப்போடு இதை இணைப்பதே பொருத்தமான விளக்கம். பழைய ஏட்டில் இருந்த எண்ணைத் தம் அறிவால் திருத்தியவர்கள் தவறினார்கள். இந்தக் கண்டுபிடிப்பைப் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. இழிபிறப்பினன் என்று பழிக்கப்பட்ட ஒருவரின் சார்பில் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்குப் பிறகு செருப்பு ஆணிகள் சாட்சி சொன்னதாகவே உணர்ந்தேன்.

இன்னொரு கல்லையும் சொல்ல வேண்டும். அக்விலேயாவிலேயே மாக்சிமினஸ் பெயரில் ஒரு கல்வெட்டு உண்டு. நெடுங்காலம் சிதைந்து கிடந்த சாலையை, இத்தாலியில் புதிதாகத் திரட்டிய இளம் வீரர்களைக் கொண்டு அவர் செப்பனிட்டார் என்று அது கூறுகிறது. அவரை ‘அக்விலேய மக்களை மீட்டவர், நிறுவியவர்’ என்று போற்றுகிறது. அந்த ஊர்தான் அவருக்குக் கதவை அடைத்தது. அவர் எல்லைக்கு மட்டும் பேரரசராக இருந்தார், உள்நாட்டைக் கவனிக்கவில்லை என்ற பேச்சையும் இதனால் நாம் அளந்தே ஏற்க வேண்டும். அவர் காலத்து மைல்கற்கள் பல மாகாணங்களில் கிடைக்கின்றன.

ஏட்டுச்சுவடி:

இருவருக்கும் நன்றி. ஹார்ட்ஸ்ஹார்ன் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் ஓர் ஐயம் தீரவில்லை. இரண்டு கார்டியன்களும் ஒரு மாதங்கூட நிலைக்கவில்லை என்று படித்தேன். வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவை ஆண்ட ஆளுநர் கப்பெலியானஸ், மூன்றாம் அகஸ்டா லீஜியனோடு வந்து, வேட்டை ஈட்டியும் கோடரியும் ஏந்திநின்ற கார்தேஜ் மக்களைச் சிதறடித்தார். மகன் போரில் இறந்தார், தந்தை தூக்கிட்டுக்கொண்டார். அதாவது, ஆப்பிரிக்கக் கலகத்தை மாக்சிமினஸின் பக்கம் நின்றவர்களே அடக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் ஏன் தோற்றார்?

கோட்டைமதில் எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கப்பெலியானஸின் வெற்றி மாக்சிமினஸுக்கு உதவவில்லை, ஏனெனில் ரோம் அதற்குள் திரும்ப முடியாத தூரம் வந்துவிட்டது. சபை பொதுப்பகைவர் என்று அறிவித்துவிட்ட மாக்சிமினஸ் வென்று வந்தால் சபையில் ஒருவர் தலையும் தப்பாது என்பதை அனைவரும் அறிந்திருந்தார்கள். எனவே சபை இருபது பேர் கொண்ட குழுவை அமைத்தது. அதிலிருந்த புபியெனஸ், பல்பினஸ் ஆகிய இருவரையும் பேரரசர்களாகத் தேர்ந்தது. தெருவில் திரண்ட மக்கள் கல்லும் தடியுமாக நின்று கார்டியனின் பேரனை, பதின்மூன்று வயதுச் சிறுவனை, சீசராக, அதாவது துணைப் பேரரசராக, ஆக்கச் செய்தார்கள். 238-ஐ ஆறு பேரரசர்களின் ஆண்டு என்று சொல்வது இதனால்தான்.

இனி அக்விலேயாவுக்கு வருகிறேன். அந்த வசந்தத்தில் இன்றைய செர்பியாவிலுள்ள சிர்மியத்திலிருந்து கிளம்பிய மாக்சிமினஸின் படை ஆல்ப்ஸ் மலைச்சரிவை அடைந்தபோது, இன்றைய லுப்லியானா இருக்கும் இடத்திலிருந்த எமோனா நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. கொண்டு செல்லக்கூடிய பொருள்களை எல்லாம் மக்கள் எடுத்துக்கொண்டு, எஞ்சிய தானியத்தை எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இத்தாலியின் முதல் ஊரிலேயே படை பசியோடு படுத்தது. தம்மை எதிர்க்க ஆளில்லை என்று மாக்சிமினஸ் மகிழ்ந்தார் என்கிறார் ஹெரோடியன், வீரர்களோ முணுமுணுத்தார்கள்.

அக்விலேயா பெரிய வணிகத் துறைமுகம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். நெடுங்காலம் அமைதியிலிருந்ததால் சிதைந்து கிடந்த மதிலை மக்கள் அவசரமாகக் கட்டி முடித்தார்கள். கிரிஸ்பினஸ், மெனோபிலஸ் என்ற இரண்டு செனட் உறுப்பினர்கள் தற்காப்பை நடத்தினார்கள். தானியமும் நீரும் போதிய அளவு உள்ளே இருந்தன. இசோன்சோ ஆறு மலைப்பனி உருகிப் பெருகி ஓடியது, பாலம் இடிக்கப்பட்டிருந்தது. மாக்சிமினஸின் வீரர்கள் தோட்டங்களில் கிடந்த வெற்று மதுப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, அவற்றின் மீது கிளைகளையும் மண்ணையும் பரப்பிக் கடந்தார்கள். கடந்தவுடன், ஊரைச் சுற்றியிருந்த வீடுகளை எரித்தார்கள், திராட்சைக் கொடிகளையும் மரங்களையும் வெட்டினார்கள். தமக்கு உணவும் நிழலும் தரக்கூடியதை அவர்களே அழித்துக்கொண்டார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மதில் ஏற முயன்றவர்கள் மீது உருகிய கீலும் கந்தகமும் கலந்து ஊற்றப்பட்டன. கவசத்துக்குள் பாய்ந்த நெருப்பை அணைக்க முடியாமல் வீரர்கள் கவசத்தையே பிய்த்தெறிந்தார்கள். அவ்வூரின் தெய்வமான பெலெனஸ் வானத்தில் தோன்றி நகருக்காகப் போரிடுவதாக மாக்சிமினஸின் வீரர்கள் சிலரே கூறினார்கள். முற்றுகை நீண்டது. செனட் சபை சாலைகளையும் துறைமுகங்களையும் அடைத்துவிட்டதால் முற்றுகையிட்ட படைக்குத் தானியம் வரவில்லை. ஆற்று நீர் பிணங்களால் கெட்டது. உள்ளே இருந்தவர்கள் உண்டார்கள், வெளியே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். எண்ணிப் பாருங்கள், முற்றுகை தலைகீழாகத் திரும்பிவிட்டது. இந்த நிலையில் மாக்சிமினஸ் சினத்தில் தம் படைத்தலைவர்கள் சிலரையே கோழைகள் என்று கொன்றார். முன்னரே மாக்னஸ், குவார்ட்டினஸ் என்ற இருவரை முன்னிட்டு எழுந்த சதிகளைக் கண்டவர் அவர். யாரையும் நம்பும் நிலையில் அவர் இல்லை.

கொன்றவர்கள் யார் என்பதில்தான் தங்கள் கேள்விக்கு என் விடை இருக்கிறது. டான்யூப் வீரர்களிடமிருந்து அந்தக் கலகம் தொடங்கவில்லை. ரோமுக்கு அருகே ஆல்பன் மலையடிவாரத்தில் நிலையான முகாம் கொண்டிருந்த இரண்டாம் பார்த்திகா லீஜியனின் வீரர்களே தொடங்கினார்கள். அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் அந்த முகாமில், அதாவது செனட் சபையின் கைக்கெட்டிய தொலைவில், இருந்தார்கள். நடுப்பகலில், போர் ஓய்ந்து எல்லோரும் கூடாரங்களில் படுத்திருந்த வேளையில், அவர்கள் மாக்சிமினஸின் கூடாரத்துக்குச் சென்று கொடிகளிலிருந்த அவருடைய உருவங்களைப் பிய்த்தார்கள். மகனையும் அழைத்துக்கொண்டு அவர்களிடம் பேச வெளியே வந்தவரைப் பேசவிடாமல் வெட்டினார்கள். சீசராக அறிவிக்கப்பட்டிருந்த மகனும் உடன் மாண்டார். இரண்டு தலைகளும் ரோமுக்குப் போயின. உடல்கள் நாய்க்கும் பறவைக்கும் விடப்பட்டன.

கணக்கதிகாரம் பணம் என்றார். பணம் ஊரையும் உறவையும் பகையாக்கியது உண்மை. ஆனால் கடைசிக் கத்தி பசியிலும் குடும்பத்தைப் பற்றிய அச்சத்திலும் எழுந்தது. ஜெர்மானியக் காட்டில் அவரைப் பின்தொடர்ந்து சென்ற வீரன் வேறு, இத்தாலிய நகரம் ஒன்றை முற்றுகையிடும்படி நிறுத்தப்பட்ட வீரன் வேறு. முதலாமவனுக்கு எதிரே இருந்தவன் பகைவன். இரண்டாமவனுக்கு எதிரே இருந்தவன் தன் மொழி பேசியவன்.

கணக்கதிகாரம்:

கோட்டைமதில் ஐயாவின் திருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் முழுதும் ஒப்பமாட்டேன். வழிநெடுகிலும் ஊர்கள் கதவடைத்ததால்தான் பசி வந்தது. பறிகொடுத்தவை என்பதால்தான் அந்த ஊர்கள் கதவடைத்தன. பசி தானாக வானத்திலிருந்து விழவில்லை. இன்னொன்றையும் சேர்க்கிறேன்: வெற்றி பெற்ற தரப்புக்கும் அதே கணக்குதான் முன்னே நின்றது. புபியெனஸும் பல்பினஸும் உடனே அன்டோனினியானஸ் என்ற காசை மீண்டும் வெளியிட்டார்கள். இரண்டு தெனாரியஸ் மதிப்புடையதாகக் கருதப்பட்ட அந்தக் காசில் ஏறத்தாழ ஒன்றரை தெனாரியஸ் அளவுக்கே வெள்ளி இருந்தது. மாக்சிமினஸ் ஆளைப் பார்த்துப் பறித்ததை இவர்கள் எல்லோருடைய பையிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்தார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு இப்போது படம் தெளிவாகிறது. ஒன்று மட்டும் அறிய விரும்புகிறேன்: தலைவனை இழந்து மதிலுக்கு வெளியே நின்ற அந்தப் படை என்ன ஆயிற்று?

கோட்டைமதில்:

அக்விலேயா மக்கள் உடனே கதவைத் திறந்துவிடவில்லை. புபியெனஸ், பல்பினஸ், சிறுவன் கார்டியன் ஆகிய மூவரின் உருவங்களை மதில் மீது கொண்டுவந்து வைத்து, அவர்களைப் பேரரசர்களாக வாழ்த்தும்படி வீரர்களிடம் கேட்டார்கள். வீரர்கள் வாழ்த்தினார்கள். பிறகு மதில் மேலேயே சந்தை கூட்டி, அப்பம், மது, ஆடை, செருப்பு என்று தேவையான பொருள்களை எல்லாம் விற்றார்கள். பல நாள் பட்டினி கிடந்த வீரர்கள் கீழே நின்று காசு கொடுத்து வாங்கினார்கள்.

ரவென்னாவிலிருந்து வந்த புபியெனஸ் லீஜியன்களை அவரவர் எல்லை நிலையங்களுக்கு அனுப்பிவிட்டு, தமக்கு நம்பிக்கையான ஜெர்மானியத் துணைப்படையோடு ரோமுக்குத் திரும்பினார். அந்தத் துணைப்படையைக் கண்டு பிரிட்டோரியன் காவலர்கள் தம் இடம் பறிபோகும் என்று அஞ்சினார்கள். பல்பினஸோ, புபியெனஸ் அந்தப் படையைத் தமக்கு எதிராகப் பயன்படுத்துவார் என்று அஞ்சினார். அரண்மனைக்குள் காவலர்கள் புகுந்த நாளில், ஜெர்மானியரை அழைப்போம் என்று புபியெனஸ் கேட்க, பல்பினஸ் தடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இருவரும் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது அவர்கள் பதவியேற்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. பதின்மூன்று வயதுக் கார்டியன் தனியே பேரரசரானார். அவருடைய பாட்டனையும் தாய்மாமனையும் வீழ்த்திய மூன்றாம் அகஸ்டா லீஜியன் அவர் பெயரால் கலைக்கப்பட்டது. ஆப்பிரிக்க எல்லையைக் காத்துவந்த அந்தப் படை மறுபடியும் அமைக்கப்பட 253-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.